சந்திக் கடையின் காலி ஆணி

"இன்னம் கொஞ்சம் நிமிந்து ஒக்காரு," என்றார் மஷூர் மாஸ்டர்.

சசி நிமிர்ந்தான். தலையில் மாட்டியிருந்த ஹெல்மெட் முச்சக்கர வண்டியின் கூரைக் கம்பியில் டொக்கென்று இடித்தது. பொலிஸ் நிலைய முற்றத்தில் நின்ற கான்ஸ்டபிள்மார் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார்கள். கூரை போட்ட வண்டிக்குள் ஒருவன் தலைக்கவசத்தோடு உட்கார்ந்திருந்தால் யாருக்கும் சிரிப்பு வரத்தான் செய்யும். சசிக்கு மட்டும் வரவில்லை. இதே கோலத்தில் உட்கார்ந்து வண்டி ஓட்டினான் என்றுதான் உள்ளே ஒருவனை அடைத்து வைத்திருந்தார்கள்.

அடைபட்டவன் பெயர் சதீஸ். வண்டியும் அவனுடையதுதான். முந்தாநாள் விடியற்காலையில், கொட்டுகிற மழையில், மீவலகந்தை தோட்டத்துச் சந்தியைத் தாண்டி மெயின் ரோட்டில் இந்த வண்டி தோட்டத்து வாச்சர் வேலுசாமியை இடித்துத் தள்ளிவிட்டு நிற்காமல் போயிருந்தது. வேலுசாமிக்குக் கால் முறிவு, தலையில் அடி. பிழைத்துவிடுவார் என்று டாக்டர்கள் சொன்னார்கள், ஆனால் பேச்சு இன்னும் தெளியவில்லை. வண்டி கொஞ்ச தூரத்தில் ரப்பர் மரங்களுக்குள் முன்சக்கரம் கோணிக் கிடந்தது. கண்ணால் பார்த்தவர் சைக்கிளில் பாண் ரொட்டி விற்கிற ஒரு வெளியூர்க்காரர். இரண்டு பக்கத்துத் திரையும் இறக்கிக் கட்டியிருந்தது, ஓட்டினவன் தலையில் ஹெல்மெட் இருந்தது என்று அவர் சொன்னார்.

சனியன் அந்த ஹெல்மெட்டில்தான் பிடித்தது. மோட்டர் சைக்கிளில் போகிறவனுக்குத்தான் ஹெல்மெட் சட்டம், முச்சக்கர வண்டிக்கு இல்லை. தேவையில்லாத இடத்தில் அதை மாட்டுகிறவன் முகத்தை மறைக்கத்தான் மாட்டுவான் என்று பொலிஸ் முடிவு கட்டியது. வடக்கில் யுத்தம் முற்றியிருந்த 2008ஆம் வருஷம் அது. முகத்தை மறைத்துக்கொண்டு மெயின் ரோட்டில் பாய்ந்தவன் ஒரு தமிழ் இளைஞன் என்று ஆகிவிட்டால், அதற்கு மேல் அது விபத்து வழக்கு இல்லை. அன்றைக்கே சதீஸை அவன் குடியிருந்த தோட்டத்து லயத்தில் வைத்துப் பிடித்தார்கள். இன்று மாலை அவனை ஏற்றிக்கொண்டு போகக் கொழும்பிலிருந்து ஜீப் வருகிறது. அப்படி ஏற்றிப் போனவர்கள் எப்போது திரும்புவார்கள் என்று யாரிடம் கேட்பது என்றுகூடத் தெரியாத காலம்.

மஷூர் மாஸ்டர் தெரணியகலையில் வெகுகாலம் வண்டி ஓட்டப் பழக்கும் லேனர்ஸ் நடத்தியவர். சுற்றுவட்டாரத்தில் ஸ்டியரிங் பிடிக்கிற பாதிப் பேர் அவரிடம் திட்டு வாங்கியவர்கள்தான். சதீஸும் அதில் ஒருவன். இப்போது இன்சூரன்ஸ் கம்பெனிகளுக்காக விபத்துகளின் பொய் மெய்யைத் துருவிப் பார்ப்பது அவர் தொழில். சசி அவருடைய உதவியாள். முப்பதைத் தாண்டியவன், இரண்டு பிள்ளைகளுக்குத் தகப்பன். இப்பேர்ப்பட்ட மாஸ்டரிடம் படித்தும் லைசன் ட்ரையலில் ஒவ்வொரு முறையும் தவறாமல் தோற்றவன். அதனால் மாஸ்டரின் மோட்டர் சைக்கிளில் பின்சீட்டு அவனுக்கு நிரந்தரமாகிவிட்டது.

மாஸ்டர் நிலையப் பொறுப்பதிகாரியான ஓ.ஐ.சி.யிடம் சிங்களத்தில் பேசினார். சதீஸ் சசியை விட உயரம், ஹெல்மெட்டோடு அவனால் இந்தக் கூரைக்குக் கீழே நிமிர்ந்து உட்காரவே முடியாது, ஓட்டினவன் குட்டையான ஆள் என்று எடுத்துச் சொன்னார். குனிந்து ஓட்டியிருப்பான் என்று ஒரே வரியில் ஓ.ஐ.சி. அதை ஊதித் தள்ளினார். அவர் கெட்ட மனிதர் இல்லை. மேலிடத்துக்குப் பதில் சொல்ல வேண்டிய மனிதர். வேறு ஆளைக் கொண்டுவந்து நிறுத்தினால் தானே கொழும்புக்குப் பேசுவதாகவும், வெறும் வாயால் சொல்வதை வைத்துத் தன்னால் ஒன்றும் செய்ய முடியாது என்றும் சொன்னார்.

சதீஸைப் பார்க்கக் கொஞ்ச நேரம் கிடைத்தது. கம்பிக்குப் பின்னால் அவன் தரையில் குந்தியிருந்தான். மாஸ்டரைக் கண்டதும் எழுந்தான், கண்ணை மட்டும் நிமிர்த்தவில்லை.

"வண்டி காணாமப் போச்சு மாஸ்டர். எந்திரிச்சுப் பாத்தா லயத்து வாசல்ல இல்ல. அவ்வளவுதாங்க."

சாவி எங்கே இருந்தது என்று கேட்டதற்கு வண்டியிலேயே இருந்ததாகச் சொன்னான். யார் மேலாவது சந்தேகமா என்று கேட்டதற்கு இல்லையென்று தலையை ஆட்டினான். ராத்திரி எங்கே இருந்தாய் என்று கேட்டபோது முகம் கறுத்தது. கூட்டாளி வீட்டுக் கல்யாணத்தில் குடித்துவிட்டு வந்து பிணம் மாதிரிப் படுத்துவிட்டேன் என்று மிகவும் வெட்கப்பட்டுச் சொன்னான். கொழும்பு ஜீப்பைப் பற்றி அவனுக்குத் தெரிந்திருந்தது. ஆனாலும் அதற்கு மேல் ஒரு சொல் வரவில்லை.

வெளியே வந்ததும் சசி பொரிந்தான். "கள்ளன் எவனோ வண்டியத் தூக்கிட்டுப் போயிருக்கான் மாஸ்டர். இவன் வாயில கொழுக்கட்டைய வச்சுக்கிட்டு நிக்கிறான். இவன வெளிய எடுக்கிறதுக்குள்ள நான் ட்ரையல் பாஸ் பண்ணிருவேன்."

"வண்டிய களவு குடுத்தவன் முதல்ல என்ன செய்வான் சசி?"

"அழுவான்."

"ஏசுவான். கள்ளன்ட ஏழு தலமொறையையும் இழுத்து ஏசுவான். இவன் ஒரு வார்த்த ஏசினானா? வண்டிக்கு என்ன ஆச்செண்டாவது கேட்டானா?"

சசி யோசித்தான். உண்மைதான், கேட்கவில்லை.

"அவனுக்கு ஆளத் தெரியும். சொல்லத்தான் மனசில்ல," என்றார் மாஸ்டர். "இன்னொண்டும் ஈக்கி. பாண்காரர்ட்ட நான் நேத்து ராவே கேட்டேன். அவ்வளவு மழையிலயும் ஹெல்மெட் கண்ணாடி மேல தூக்கித்தான் இருந்திச்சாம், இருட்டுல மொகந்தான் தெளிவா தெரியல்லயாம். மொகத்த மறைக்கிறவன் அதத் தூக்கி விடுவானா?"

அப்படியானால் எதற்குத்தான் மாட்டினான் என்று சசி கேட்டான். அது தெரிந்தால் ஆளும் தெரிந்துவிடும் என்று சொல்லிவிட்டு மாஸ்டர் விறாந்தையை நோக்கி நடந்தார்.

அங்கே பெஞ்சில் சதீஸின் மனைவி நிரோஷா உட்கார்ந்திருந்தாள். மடியில் ஒரு வயதுப் பெண் குழந்தை. நேற்று மாலை மாஸ்டரின் வீட்டுப் படியேறி, என் வீட்டுக்காரரைக் காப்பாற்றுங்கள் என்று அழுதவள் இவள்தான். குழந்தையின் புறங்கையில் ஆஸ்பத்திரிப் பிளாஸ்டர் ஒட்டியிருந்தது. காய்ச்சல் என்றாள், இப்போது பரவாயில்லை என்றாள். கேட்டதற்கு ஒன்றிரண்டு வார்த்தையில் பதில் சொல்லிவிட்டு வாயை மூடிக்கொண்டாள். அடுத்த பஸ்ஸைப் பிடித்து வீட்டுக்குப் போக வேண்டும், தோட்டத்தில் மருந்து கொடுக்கிற டிஸ்பென்சர் ஐயா குழந்தையைப் பார்க்க வருவார், காலையிலும் லயத்துக்கு வந்து பார்த்து ஒரு போத்தல் மருந்து கொடுத்துவிட்டுத்தான் போனார் என்றாள். பிறகு, எங்கோ பார்த்துக்கொண்டு, யாரும் எதிர்பாராத ஒன்றைச் சொன்னாள்.

"எங்க சந்திக் கடையில டீ நல்லா இருக்குங்க மாஸ்டர். ஒருக்கா போய் உக்காந்து குடிச்சுப் பாருங்க."

சசிக்கு எரிச்சலாக வந்தது. புருஷனை ஏற்றிப் போக ஜீப் புறப்பட்டு வந்துகொண்டிருக்கிறது, இவள் டீக்குச் சிபாரிசு பிடிக்கிறாள். துக்கத்தில் புத்தி கலங்கிவிட்டதோ என்று நினைத்தான். மாஸ்டர் மட்டும் அவள் முகத்தையே சற்று நேரம் பார்த்துக்கொண்டு நின்றார். பிறகு மோட்டர் சைக்கிளை உதைத்தார்.  

மீவலகந்தை தோட்டத்து ரோடு மலையிலிருந்து வளைந்து வளைந்து இறங்கி மெயின் ரோட்டில் முட்டுகிற இடம்தான் சந்தி. அங்கே கைருன்னிஸா உம்மாவின் டீக்கடை. கடைக்கு வெளியே, தாழ்வாரத்துக்குக் கீழே ஒரு நீளப் பலகை அடித்திருந்தது. பலகையில் வரிசையாகப் பெரிய ஆணிகள். ஆணிகளில் ஹெல்மெட்டுகள் வௌவால் மாதிரித் தொங்கிக்கொண்டிருந்தன.

மாஸ்டர் அதைப் பார்த்துவிட்டு அப்படியே நின்றார்.

"ஹெல்மெட் யாவாரமும் செய்றீங்களா தாத்தா?" என்று கேட்டார். அவர்கள் பேச்சில் தாத்தா என்றால் அக்கா.

கைருன்னிஸா சிரித்தாள். இது யாவாரம் இல்லை, உபகாரம் என்றாள். ஒரு முறை யாரோ ஹெல்மெட்டால் முகத்தை மூடிக்கொண்டு தோட்டத்து ஆபீஸுக்குள் புகுந்து கொள்ளையடித்துவிட்டுப் போனார்கள். அன்றிலிருந்து தோட்டத்தை நடத்துகிற துரையின் கட்டளை: தோட்டத்துக்குள் எவனும் ஹெல்மெட் போடக்கூடாது, கையில் கொண்டுவரவும் கூடாது. வாச்சர் வேலுசாமி இதில் மகா கண்டிப்பு. ஆனால் சந்தியைத் தாண்டி மெயின் ரோட்டில் ஹெல்மெட் இல்லாமல் ஏறினால் பொலிஸ் பிடிக்கும். மேலே போட்டால் குற்றம், கீழே போடாவிட்டால் குற்றம். அதனால் மோட்டர் சைக்கிள் வைத்திருக்கிற தோட்டத்து ஆட்கள் எல்லாரும் இந்தப் பலகையில் ஆளுக்கு ஓர் ஆணி பிடித்துக்கொண்டார்கள். வெளியே போகும்போது எடுத்து மாட்டுவார்கள், திரும்பி வரும்போது கழற்றித் தொங்கவிடுவார்கள். கடை பூட்டியிருந்தாலும் பலகை வெளியேதான் இருக்கும்.

சசியின் வாயில் தயாராக இருந்த வேடிக்கை அப்படியே நின்றுவிட்டது. மாஸ்டர் எதைப் பார்க்கிறார் என்று அவனுக்கும் புரிந்தது. ஹெல்மெட் தொங்கினால் ஆள் தோட்டத்துக்குள் இருக்கிறான். ஆணி காலியாக இருந்தால் ஆள் வெளியே போயிருக்கிறான். இரண்டு ஆணிகள் காலியாக இருந்தன.

ஒன்று பெக்டரிக் கிளார்க்கருடையது. காலையில் அவிசாவளைக்குப் போவதாகச் சொல்லி, தன் கண்முன்னாலேயே எடுத்துக்கொண்டு போனார் என்றாள் கைருன்னிஸா. மற்றது யாருடையது என்று மாஸ்டர் கேட்டார்.

"அது டிஸ்பென்சர் ராமசாமி ஐயாட. கறுப்பு ஹெல்மெட். முந்தாநாத்து கட தொறக்கக்குள்ளயே ஆணி காலிதான். ஊருக்கு எங்கயும் பெய்த்தாராக்கும் எண்டு நெனச்சேன்."

சசியும் மாஸ்டரும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். டிஸ்பென்சர் ஐயா இன்று காலையில் லயத்துக்கு வந்து குழந்தையைப் பார்த்ததாக நிரோஷா சொன்னாளே. ஆள் உள்ளே இருக்கிறார். ஹெல்மெட் மட்டும் வெளியே போயிருக்கிறது.

"குட்டையான ஆளா?" என்று சசி மெல்லக் கேட்டான்.

கைருன்னிஸா தன் தோளுக்குப் பக்கத்தில் கையை வைத்துக் காட்டினாள்.

சசி குதித்துவிட்டான். உடனே ஓ.ஐ.சி.க்குப் போன் போடலாம் என்றான். மாஸ்டர் அவனை அடக்கினார். வெளியே தொங்குகிற ஹெல்மெட்டை எந்தக் கள்ளனும் எடுத்து மாட்டிக்கொண்டு போகலாம், ஆணி காலி என்பதற்காக ஒரு மனிதனை மாட்டிவிட முடியாது என்றார். பறிகொடுத்தவனா எடுத்துக்கொண்டு போனவனா என்று அந்த ஆணிக்கு முன்னால் அவரை நிறுத்தித்தான் பார்க்க வேண்டும். அதற்கு அவர் மோட்டர் சைக்கிளோடு வெளியே போக வேண்டிய ஒரு காரணம் வேண்டும்.

மாஸ்டர் சசியின் ஹெல்மெட்டைக் கழற்றச் சொன்னார். அதுவும் கறுப்புதான். அதைக் கொண்டுபோய்க் காலி ஆணியில் மாட்டினார். பிறகு கைருன்னிஸாவின் போனிலிருந்து டிஸ்பென்சரிக்கு அழைத்து, ஆஸ்பத்திரியிலிருந்து பேசுகிறவர் மாதிரி, வேலுசாமிக்குப் பேச்சு வந்துவிட்டது, டிஸ்பென்சர் ஐயாவைப் பார்க்க வேண்டும் என்று கேட்கிறார், சுணங்காமல் வாருங்கள் என்று சிங்களத்தில் சொல்லிவிட்டு வைத்தார். என் கடையில் நின்றுகொண்டு இப்படிப் பொய் சொல்கிறீர்களே நானா என்று அண்ணன் முறை வைத்துச் சொல்லி கைருன்னிஸா தலையில் முக்காட்டை இழுத்துவிட்டுக்கொண்டாள்.

அந்த நேரம் பஸ் வந்து நின்றது. நிரோஷா குழந்தையோடு இறங்கினாள். மாஸ்டர் அவளை உள்ளே வந்து உட்காரச் சொன்னார். அவள் பலகையை ஒரு முறை பார்த்தாள். காலியாக இருந்த ஆணியில் இப்போது ஒரு ஹெல்மெட் தொங்குவதைப் பார்த்தாள். கடைக்குள்ளே போய் மூலையில் இருந்த வாங்குப் பலகையில் உட்கார்ந்து குழந்தையை இறுக்கிக்கொண்டாள்.

மழை வலுத்தது. முதலில் ஒரு மோட்டர் சைக்கிள் இறங்கி வந்தது. யாரோ ஓர் இளைஞன், வெறுந்தலை. தன் ஆணியிலிருந்து ஹெல்மெட்டை எடுத்து மாட்டிக்கொண்டு திரும்பிப் பாராமல் போய்விட்டான். அதற்குப் பிறகு நெடுநேரம் யாரும் வரவில்லை. வராவிட்டால் என்ன செய்வது என்று சசி கேட்டான். கொழும்பு ஜீப் இந்நேரம் அவிசாவளையைத் தாண்டியிருக்குமா என்று சசியின் மனம் கணக்குப் போட்டுக்கொண்டே இருந்தது.

கடைசியில் வளைவில் இன்னொரு சத்தம் கேட்டது. மழைக்கோட்டு, வெறுந்தலை, நெற்றியில் ஒட்டிய நரைமுடி. ஐம்பதைத் தாண்டிய குட்டை மனிதர். டிஸ்பென்சர் ராமசாமி வண்டியைப் பலகையருகே நிறுத்தினார். இறங்கவில்லை. ஒரு காலை ஊன்றிக்கொண்டு, பார்க்காமலே கையை உயர்த்தினார். கை நேரே தன் ஆணிக்குப் போய் ஹெல்மெட்டை எடுத்தது. பாதி தலை வரைக்கும் கொண்டுபோனவர் அப்படியே உறைந்தார்.

மெதுவாகக் கையைக் கீழே இறக்கினார். ஹெல்மெட்டைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

மாஸ்டர் தாழ்வாரத்துக்கு வந்தார். "என்ன ஐயா, ஒங்கட ஹெல்மெட் இல்லயா அது?"

"இல்லீங்க. என்னுது வீட்டுல இருக்கு," என்றார் ராமசாமி.

சொல்லி முடித்த பிறகுதான் என்ன சொன்னோம் என்பது அவருக்கே கேட்டது. தோட்டத்துக்குள் ஒருவரும் கொண்டுபோகக் கூடாத பொருள் அவர் வீட்டில் இருக்கிறது. மாஸ்டர் கேள்வியை அதற்கு மேல் நீட்டவில்லை. நீட்ட வேண்டியும் இருக்கவில்லை. ஏனென்றால் ராமசாமியின் பார்வை அவரைத் தாண்டிக் கடைக்குள்ளே போயிருந்தது. வாங்கில் இருந்தவளை அவர் கண்டுவிட்டார்.

"சொல்லிட்டியா புள்ள?" என்று கேட்டார்.

நிரோஷா எழுந்து நின்றாள். "நான் வாயே தொறக்கலீங்க ஐயா."

சசி இரண்டு பேரையும் மாறி மாறிப் பார்த்தான். கள்ளனை எதிர்பார்த்து உட்கார்ந்திருந்தவனுக்கு ஒன்றும் ஓடவில்லை. மாஸ்டர்தான் குழந்தையின் புறங்கைப் பிளாஸ்டரைப் பார்த்துவிட்டு, திரை இறக்கிய வண்டியின் பின்சீட்டில் யார் இருந்தார்கள் என்பது இப்போது விளங்குகிறது என்றார். ராமசாமி மழையில் நின்றபடியே எல்லாவற்றையும் சொன்னார். சொல்லத் தொடங்கிய பிறகு நிறுத்த முடியவில்லை.

முந்தாநாள் விடியும் முன்னால் நிரோஷா குழந்தையைத் தூக்கிக்கொண்டு அவர் வீட்டுக் கதவைத் தட்டினாள். காய்ச்சல் ஏறி, வலிப்பு வந்து, குழந்தை நீலம் பாரித்திருந்தது. சதீஸ் போதையில் கிடந்தான், எழுப்ப முடியவில்லை. தோட்டத்து லொறி டவுனுக்குப் போயிருந்தது. மோட்டர் சைக்கிளில் அந்த மழையில் குழந்தையைக் கொண்டுபோக முடியாது. சதீஸின் வண்டி லயத்து வாசலில் சாவியோடு நின்றது. அவரிடம் இருந்ததோ மோட்டர் சைக்கிள் லைசன் மட்டும். முச்சக்கர வண்டிக்கு லைசன் இல்லை. ஓட்டத் தெரியும் என்ற நம்பிக்கையில் ஏறிவிட்டார்.

சந்திக்கு வந்ததும் வண்டியை நிறுத்தி ஹெல்மெட்டை எடுத்து மாட்டினார். பின்னால் நிரோஷா, ஐயா என்ன செய்கிறீர்கள், போங்க போங்க என்று கதறினாள். இருபது வருஷமாக இந்தச் சந்தியில் நின்று எடுத்து மாட்டிய கை அது. லைசன் இல்லாமல் மெயின் ரோட்டில் ஏறுகிறோமே என்ற பயம் வேறு.

"திரீவீலுக்கு ஹெல்மெட் தேவையில்லன்னு அந்த நேரத்துல ஞாபகமே வரலீங்க," என்றார் ராமசாமி. "இதயாவது ஒழுங்கா செஞ்சிருவோம்னு தோணிச்சு."

யாருக்கும் சிரிப்பு வரவில்லை. அந்த ஹெல்மெட்டுக்குள் மழைச்சத்தமும் கதறலும் சேர்ந்து ஒன்றும் சரியாகக் கேட்காமல், வேலுசாமி ரோட்டைக் கடந்ததை அவர் கடைசி நொடியில்தான் கண்டார். நின்றால் குழந்தை செத்துவிடும் என்று நினைத்தார். சக்கரம் கோணி வண்டி மறுத்ததும் அதை ரப்பருக்குள் விட்டுவிட்டு, பின்னால் வந்த பஸ்ஸில் ஏறி ஆஸ்பத்திரிக்குப் போனார்கள். குழந்தை பிழைத்தது. திரும்பி வரும்போது ஹெல்மெட்டை ஆணியில் மாட்டத்தான் சந்தியில் இறங்கினார். ஹெல்மெட் போட்டவன், ஹெல்மெட் போட்டவன் என்று கடை முழுக்க அதே பேச்சு. அப்படியே பைக்குள் ஒளித்துக்கொண்டு மலையேறிவிட்டார்.

"நாளைக்குப் போய்ச் சொல்லுவோம்னு இருந்தேன். அதுக்குள்ள அவனப் புடிச்சிட்டாங்க. சொன்னா வேல போயிரும், குவாட்டர்ஸ் போயிரும். வேலுசாமிக்குப் பேச்சு வரட்டும், வந்தா எல்லாம் சரியாயிரும்னு பாத்துக்கிட்டே..."

மாஸ்டர் கோபப்பட்டு சசி அதிகம் பார்த்ததில்லை. இப்போது பார்த்தான். குரல் உயரவில்லை, ஆனால் உதடு துடித்தது.

"நீங்க ஓட்டினது பெரிய குத்தம் இல்ல. லைசன் இல்லாததுக்குச் சட்டத்துல தண்டம் ஈக்கி. நிக்காமப் போனதுக்கும் ஒங்களுக்கு ஒரு காரணம் ஈக்கி. ஆனா ஐயா, இந்த ரெண்டு நாளா ஒருத்தன உள்ள வச்சிட்டு நீங்க வெளிய இருந்ததுக்கு ஒரு காரணமும் இல்ல."

ராமசாமி தலையைக் குனிந்துகொண்டார். வேலுசாமி பேசினது பொய்தானே என்று கேட்டார். பொய்தான் என்றார் மாஸ்டர். ராமசாமி அந்த ஆணியைப் பார்த்தார். இப்போதும் மோட்டர் சைக்கிளைத் திருப்பிக்கொண்டு மலைக்குப் போய்விடலாம், யாரும் பிடித்து வைக்கவில்லை. அவரோ சசியின் ஹெல்மெட்டைத் தலையில் மாட்டி, வாரைப் பூட்டினார். வண்டியை மெயின் ரோட்டுப் பக்கம் திருப்பினார். மாஸ்டர் அவருக்குப் பின்னாலேயே போனார்.

தலைக்குக் கவசம் இல்லாத சசி நிரோஷாவோடு பஸ்ஸில் ஏற வேண்டியதாயிற்று. பஸ் ஒவ்வொரு திருப்பத்திலும் ஆளை ஏற்றிக்கொண்டு நத்தையாக நகர்ந்தது. பாதி வழியில் ஒரு ஜீப் ஹோர்ன் அடித்துக்கொண்டு பஸ்ஸை முந்திப் போனது. இருவரும் அதைப் பார்த்தார்கள். நிரோஷாவின் கண்களில் நீர் வழிந்தது, துடைக்கவில்லை.

தெரிந்துகொண்டே ஏன் சொல்லாமல் இருந்தாய் என்று சசி கேட்டேவிட்டான். ஆஸ்பத்திரி வார்டில் ஐயா அவள் கையைப் பிடித்துப் பிள்ளையின் தலையில் வைத்துச் சத்தியம் வாங்கிக்கொண்டார் என்றாள். கம்பிக்குப் பின்னால் இருந்த புருஷனிடம் மட்டும் சொன்னபோது, நான் குடித்துக் கிடந்த நேரத்தில் என் பிள்ளையைக் காப்பாற்றின மனுஷனைக் காட்டிக் கொடுக்கமாட்டேன், பொலிஸ் தானாகவே விட்டுவிடும் என்று அவனும் வாயைக் கட்டிக்கொண்டான். கொழும்பு என்று கேள்விப்பட்ட பிறகுதான் அவள் மாஸ்டரின் படியேறியிருக்கிறாள்.

"புள்ள தலையில அடிச்ச சத்தியத்த எப்படிங்க மீறுறது? யாருகிட்டயும் சொல்லமாட்டேன்னுதான் சொன்னேன். டீ குடிக்கச் சொல்லமாட்டேன்னு சொல்லலீங்களே."

சசி ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டான்.

பொலிஸ் நிலைய முற்றத்தில் அந்த ஜீப் நின்றது. எஞ்சின் ஓடிக்கொண்டிருந்தது. நிரோஷா பஸ் நிற்கும் முன்பே குதித்து ஓடினாள். சசி பின்னால் ஓடினான். விறாந்தையைத் தாண்டும்போது உள்ளே ஓ.ஐ.சி. போனில் சிங்களத்தில், ஹரி சேர், ஹரி சேர் என்று யாருக்கோ தணிந்த குரலில் ஆமோதித்துக்கொண்டிருப்பது கேட்டது. மேசைக்கு முன்னால் ராமசாமி மழைக்கோட்டோடு நின்றார். மாஸ்டர் சுவரில் சாய்ந்து நின்றார். ஓ.ஐ.சி. போனை வைத்துவிட்டு வாசலுக்கு வந்து ஜீப்காரர்களிடம் இரண்டு வார்த்தை பேசினார். அவர்கள் முணுமுணுத்துக்கொண்டே வண்டியைத் திருப்பினார்கள். ஜீப் வெறுமையாகக் கேட்டைத் தாண்டிப் போனது.

பிறகுதான் சதீஸைக் கூட்டிவந்தார்கள். நிரோஷா அவன் கையைப் பிடித்துக்கொண்டாள். விபத்து வழக்கு இனி இங்கேயே கோர்ட்டில் நடக்கும், வண்டிக்காரனைச் சாட்சிக்குக் கூப்பிடுவோம், டிஸ்பென்சர் காலையில் நீதவானிடம் போகும் வரைக்கும் உள்ளேதான் இருக்க வேண்டும் என்றார் ஓ.ஐ.சி. ராமசாமி சரி என்று தலையாட்டினார். கான்ஸ்டபிள் அவருடைய பெல்ட்டையும் கைக்கடிகாரத்தையும் கழற்றி வாங்கினான். சதீஸ் வெளியே வந்த அதே கதவு அவருக்காகத் திறந்திருந்தது.

இத்தனை நேரமும் சதீஸின் பக்கம் திரும்பாமலே இருந்தவர் இப்போது அவனைக் கடந்துதான் போக வேண்டியிருந்தது. சதீஸ் ஒதுங்கி வழிவிட்டான். அடிக்கப் போகிறானோ, ஏசப் போகிறானோ என்று சசி ஓரடி முன்னால் வைத்தான்.

"ஐயா," என்றான் சதீஸ். "உள்ள போறதுக்கு முந்தி ஒண்ணு சொல்லிட்டுப் போங்க. புள்ளைக்கு அந்த மருந்து இன்னும் குடுக்கணுமா, நிப்பாட்டிரலாமா?"

ராமசாமி நின்றார். முகம் கோணிக்கொண்டு போனது. கையால் வாயைப் பொத்தி, பிறகு கையை எடுத்தார்.

"நிப்பாட்டாதப்பா. காலையில ஒரு கரண்டி, ராவைக்கு ஒரு கரண்டி. போத்தல் முடியிற வரைக்கும் குடு."